ஏழாம் கேள்வியைத் திருத்திய வகையில்

ராகலை,
ஞாயிறு காலை.

அன்பு மருமகள் நிலக்ஷிக்கு மாமா ஆண்டியப்பன் எழுதுவது. இங்கு நானும் உன் அத்தை நாகலெட்சுமியும் சுகம். பல்கலைக்கழகத்தில் நீயும் சுகமாயிருக்க இறம்பொடை ஆஞ்சநேயரை வேண்டிக்கொள்கிறேன். சொல்ல வந்ததைச் சொல்ல வெட்கமாயிருப்பதால் சுகவிசாரிப்பை நீட்டுகிறேன்.

தனிமை பற்றிய உன் ஆராய்ச்சிக்காக, ஒரு வெளிநாட்டு வினாக்கொத்தை நம் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குப் புரிகிறபடி மாற்றித் தரச் சொன்னாய். முப்பது வருடம் தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்தவனுக்கு இது பெரிய வேலையா என்று, பூங்காவில் உலாவுவதைக் கோயிலுக்குப் போவதாக்கினேன், தேநீர் விருந்தைப் பால் விடாத பிளேன்டியாக்கினேன், அதுவரை குற்றமில்லை, அச்சடிக்கும் முன் யாரிடமாவது கேட்டுப் பார்க்கச் சொன்னாயே, அங்கேதான் வினை. அத்தையை உட்காரவைத்து ஏழாம் கேள்வியை வாசித்தேன். "மனசுல உள்ளத சொன்னா காதுகுடுத்துக் கேக்க வீட்டுல ஆள் இருக்காங்களா?"

"இல்ல" என்றாள், வெங்காயம் உரித்துக்கொண்டே.

கேள்வி புரியவில்லை போலும் என்று, "நீங்க பேசுறது வீட்டுல யாருக்காவது கேக்குமா?" என்று மாற்றினேன்.

"கேக்கும். ஆனா கேக்கமாட்டாரு."

அதற்கு உன் தாளில் கட்டம் இல்லை. கடைசியில், "வீட்டுல காது நல்லா கேக்குற ஆள் இருக்காங்களா?" என்றேன். "இருக்காரு, அதுல ஒரு கொறையும் இல்ல" என்றாள். நிம்மதியாய் 'ஆம்' போட்டு, அந்தக் கேள்வியையே உனக்கு அனுப்பிவிட்டேன்.

இருநூறு வீட்டில் கேட்டாயிற்று, இங்கே யாருக்கும் தனிமையே இல்லை என்று போன வாரம் நீ சந்தோஷமாய் எழுதியிருந்தாய். கீழ் லயத்து வரிசைவீட்டுப் பேச்சியம்மா ஒருத்திதான் 'இல்லை' என்றாளாம். அவள் புருஷன் மூக்கனுக்குக் காது கேளாது, கையைக் காட்டிக் காட்டியே இருவரும் நாள் முழுக்கப் பேசிச் சிரிப்பார்கள். அவள் என்னை வழிமறித்து, "காது மெஷின் எப்பங்க தருவீங்க?" என்கிறாள். பெண்டாட்டி வாயிலிருந்து ஒரு 'ஆம்' வாங்க ஆசைப்பட்டு உன் படிப்பையே கெடுத்துவிட்டேன், தாயி. அந்த முடிவை எந்தச் சபையிலும் வாசித்துவிடாதே. பேராசிரியர் கேட்டால் என் பெயரைச் சொல்.

நோய்நொடியில்லாமல் பட்டம் வாங்கி நன்றாயிரு.

இப்படிக்கு,
உன் முகத்தில் விழிக்கக் கூசும் மாமா,
ஆண்டியப்பன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அத்தை எட்டிப் பார்த்து, "அந்தக் கேள்வி பிழைன்னு நிலக்ஷியே கண்டுபுடிச்சு, எல்லா வீட்டுலயும் திரும்பக் கேக்க ஆள் அனுப்புறாளாம். முந்தாநேத்து போன் பண்ணுனா. ஒங்ககிட்ட மூணு தடவ சொல்லிட்டேன்" என்கிறாள். நம் வீட்டுக்கு ஆள் அனுப்பவேண்டாம். என் கையாலேயே 'இல்லை' போட்டு அனுப்புகிறேன்.