கழுதை நலமாக இருக்கிறது

காலை பத்து மணிக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தார்கள். கழுதை வருமா, வராதா?

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுத் திரையைப் பார்த்தான். தவறு அவனுடையதுதான். முந்தைய நாள் மாலை எழுதிய மூன்று சொற்கள் ஆளையே கவிழ்த்துவிடும்போல் இருந்தன.

அவன் வேலை செய்தது 'ஏழு கோட்டை' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டைத் தயாரித்த நிறுவனத்தில். வாளும் மந்திரமும் அரசர்களுமாக ஒரு பழைய உலகம். ஆறு வருடங்களுக்கு முன் வந்த முதல் பாகத்தை ஜனங்கள் சோறு தண்ணியில்லாமல் விளையாடினார்கள். இரண்டாம் பாகம் தயாராகிறது என்று அறிவித்து மூன்று வருடமாகிறது. அன்றிலிருந்து ரசிகர்கள் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் அவர்களுக்குப் பதில் எழுதுவது அவன் வேலை. அலுவலகத்தில் அவனுக்குப் பெயரே 'பதில்' என்றாகிவிட்டது.

பதில் எழுதுவது என்றால் சொந்தமாக எழுதுவதல்ல. எல்லாக் கேள்விக்கும் ஒரே வாக்கியம். 'இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை, உங்கள் அன்புக்கு நன்றி.' மேனேஜர் அம்மா அதைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து அவன் மேஜையில் ஒட்டியிருந்தார்.

உண்மையில் அவனுக்கும் எதுவும் தெரியாது. அவன் இருந்தது முதல் மாடி. விளையாட்டு தயாரானது மூன்றாம் மாடியில். கதையைப் பற்றி மேலே இருப்பவர்கள் கீழே மூச்சுவிடக்கூடாது. கீழே இருப்பவர்கள் கேட்கவும் கூடாது, மேலே போகவும் கூடாது. எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். லிஃப்டில் பார்த்துக்கொண்டால் வெயிலைப் பற்றிப் பேசலாம். மழை வந்தால் மழையைப் பற்றி.

முந்தைய நாள் மாலை ஒரு பெண்மணி எழுதியிருந்தார். முதல் பாகத்தில், முதல் ஊரின் வாசலில், ஒரு கழுதை கட்டியிருக்கும். ஒரு காது மடிந்த கழுதை. சுமக்காது, உதைக்காது, பேசாது. நின்று மெல்லும். 'என் கணவர் தினமும் விளையாட்டை நிறுத்துவதற்கு முன்னால் தன் வீரனைக் கொண்டுபோய் அந்தக் கழுதை பக்கத்தில் நிறுத்திவிட்டுத்தான் எழுந்திருப்பார். இப்போது அவர் இல்லை. வீரன் அங்கேயே நிற்கிறான். இரண்டாம் பாகத்தில் கழுதை இருக்குமா?'

மேஜையில் ஒட்டியிருந்த வாக்கியத்தை அவன் இரண்டு முறை அடித்தான். இரண்டு முறையும் அழித்தான். பிறகு 'கழுதையை மறக்க முடியுமா' என்று எழுதி அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

அந்த இணையப் பக்கத்தில் பழம் தின்று கொட்டை போட்ட ரசிகர் ஒருவர் இருந்தார். புனைபெயர் 'கோட்டைதாசன்'. இரவோடு இரவாகப் பெயரைக் 'கழுதைதாசன்' என்று மாற்றிக்கொண்டு அறிவித்துவிட்டார்: 'இரண்டாம் பாகத்தில் கழுதை வருகிறது. நிறுவனமே உறுதி.'

மேனேஜர் அம்மா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் வந்து நின்றார்.

"கழுதை வருதுன்னு உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லல மேடம். நானும் வருதுன்னு சொல்லல. மறக்க முடியுமான்னு கேட்டேன்."

"கேக்கிறது அவங்க வேல. உன்ன இங்க எல்லாரும் என்னன்னு கூப்பிடுறாங்க?"

"பதில்."

"அப்புறம்?"

அவன் மேஜையில் ஒட்டியிருந்த வாக்கியத்தைப் பார்த்தான்.

"அடுத்த மாசம் உன்ன பர்மனன்ட் பண்ற பேப்பர் என் மேஜைக்குத்தான் வரும். வீட்டுல ஏழு மாசம்னு சொன்ன இல்ல? உனக்காக இல்லாட்டியும் அந்தப் பொண்ணுக்காகவாவது ஒழுங்கா இரு. இத இப்பவே சரி பண்ணு."

அவன் சரி பண்ணினான். 'கழுதை குறித்து நாங்கள் எந்த உறுதியும் அளிக்கவில்லை.'

கால் மணி நேரத்தில் கழுதை செத்துவிட்டது.

கழுதைதாசன் தன் முகப்புப் படத்தைக் கறுப்பாக்கினார். மற்றவர்களும் ஆக்கினார்கள். விளையாட்டு உலகின் எந்தெந்த மூலையிலிருந்தோ வீரர்களும் மந்திரவாதிகளும் முதல் ஊரின் வாசலுக்கு வந்து ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டுக் கழுதையைச் சுற்றி நின்றார்கள். கழுதை எப்போதும்போல் மென்றுகொண்டிருந்தது. ஒருவர் அலுவலகத்தில் மூன்று நாள் விடுப்பு கேட்டிருப்பதாகவும், காரணம் என்ற கட்டத்தில் 'குடும்பத்தில் துக்கம்' என்று எழுதியதாகவும் சொன்னார்.

மத்தியானம் மனைவி போன் செய்தாள்.

"என்னங்க, கழுதைய கொன்னுட்டீங்களாமே?"

"உனக்கு யாரு சொன்னா?"

"என் தம்பி அழறான். முப்பத்திரண்டு வயசு எருமை, போன்ல தேம்பித் தேம்பி அழறான். மாமா கல்நெஞ்சக்காரர்ங்கிறான்."

"நான் எங்கடி கொன்னேன்? உறுதி தரலன்னுதான் எழுதினேன்."

"ஆஸ்பத்திரியில உறுதியா சொல்ல முடியாதுன்னு சொன்னா என்ன அர்த்தம்? நல்லா இருக்குன்னு ஒரு வார்த்த போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

நியாயமாகத்தான் பட்டது. 'கழுதை நலமாக இருக்கிறது' என்று எழுதினான். மச்சான் அழுகையை நிறுத்தினான். உலகம் அழுகையை நிறுத்தியது.

ஆனால் இரண்டாம் பாகத்தின் கதை நூறு வருடங்களுக்குப் பிறகு நடக்கிறது என்று நிறுவனம் எப்போதோ அறிவித்திருந்தது. கழுதைதாசன் அதை மறக்கவில்லை. 'நூறு வருடம் கழித்தும் ஒரு கழுதை நலமாக இருக்கிறது என்றால், அது கழுதையா?' என்று கேட்டார். சாயங்காலத்துக்குள் அது ஏழு கோட்டைகளையும் படைத்த கடவுளாகிவிட்டது. அதை முதல் பாகத்தில் கல்லால் அடித்தவர்கள் வரிசையாக வந்து மன்னிப்புக் கேட்டார்கள்.

மறுநாள் மேனேஜர் அம்மா நின்றுகொண்டே பேசினார். உட்கார்ந்தால் கோபம் குறைந்துவிடும் என்று பயந்தவர்போல.

"இப்ப கடவுளாமே."

"நான் நலமா இருக்குன்னு மட்டும்தான் மேடம் எழுதினேன்."

"உன்ன யாரு குசலம் விசாரிக்கச் சொன்னா? அது வெறும் கழுதைன்னு போடு. போட்டுட்டு வாய மூடு."

'அது வெறும் கழுதைதான்' என்று போட்டான்.

முதல் பாகத்தின் கடைசிக் காட்சியில் ஒரு பிச்சைக்காரன் 'நான் வெறும் பிச்சைக்காரன்தான்' என்று சொல்லிவிட்டுப் போர்வையை உதறுவான். உள்ளே சாம்பல் அரசன் நிற்பான். ஆறு வருடங்களாக ரசிகர்கள் தூக்கத்தில்கூட அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவனுக்குத்தான் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

கழுதைதாசன் முப்பத்தெட்டுப் பக்கத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதினார். கழுதைதான் சாம்பல் அரசன். மடிந்த காது, கிரீடத்தின் பாரத்தால் மடிந்தது. அடிக்குறிப்புகளும் இருந்தன.

அதற்கடுத்த நாள் லிஃப்டில் மூன்றாம் மாடிக்காரர் ஒருவர் ஏறினார். விளையாட்டில் வரும் மரங்களை வரைகிறவர். ஒல்லியான ஆள், தடித்த கண்ணாடி. எப்போதும் வெயிலைப் பற்றிப் பேசுவார். அன்று பேசவில்லை. கண்கள் சிவந்திருந்தன.

"நீங்கதானே பதில்?"

"ஆமா சார்."

"ரெண்டு நாளா மேல யாரும் வீட்டுக்குப் போகல. உங்களாலதான்."

"மன்னிச்சிடுங்க சார்."

"இன்னிக்கு ஏதாவது எழுதுவீங்களா?"

"இல்ல சார். சத்தியமா இல்ல. இனிமே ஒரு எழுத்து எழுத மாட்டேன்."

மரக்காரரின் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. கதவு திறந்ததும் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். இரண்டு நாள் விசைப்பலகையைத் தொடவில்லை. மௌனம் சம்மதம் என்று ரசிகர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் காலையில் அலுவலக வாசலில் இருநூறு பேர் நின்றார்கள். எல்லோர் தலையிலும் காகிதக் காதுகள், ஒன்று நேராக, ஒன்று மடித்து. சத்தம் போடவில்லை. கழுதைபோலவே வாசலைப் பார்த்து நின்றார்கள். எதையோ மெல்லவும் செய்தார்கள்.

காவலாளி அவனைப் பின்வாசல் வழியாக உள்ளே விட்டார். "ரொம்ப மரியாதையான கூட்டம் சார். உங்கள மட்டும் கேக்கிறாங்க."

மேனேஜர் அம்மா இந்த முறை உட்கார்ந்திருந்தார். அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"முதலாளி பேசினார். கழுதை இல்லன்னு சொன்னா வெளிய இருக்கிறவங்க நம்மள விட்டு வைக்க மாட்டாங்க. இருக்குன்னு சொல்லிட்டு இல்லாம போனா மானம் கப்பலேறிடும். கதாசிரியர் மனசுல என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. மேல போ. கைய பிடிப்பியோ கால பிடிப்பியோ, கழுதை இருக்குன்னு அவர் கையால எழுதி வாங்கிட்டு வா. அஞ்சு மணிக்குள்ள."

"மேல போகக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேனே மேடம். போனா வேல போயிடும்."

"போகாட்டியும் போயிடும்."

அவன் படியேறினான். லிஃப்டில் போனால் சீக்கிரம் வந்துவிடும். படியில் போனால் யோசிக்கலாம். குழந்தை பிறக்கும்போது அப்பா என்ன வேலை செய்கிறார் என்று கேட்பார்கள். கழுதையால் வேலை போனவர் என்று எழுத முடியுமா? இரண்டாம் மாடியில் ஒரு முறை நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மூன்றாம் மாடிக் கதவைத் தட்டினான். மரக்காரர் திறந்தார். அவனைப் பார்த்ததும் கதவை முழுக்கத் திறந்தார். உள்ளே இருபது பேர் இருந்தார்கள். இருபது பேரும் எழுந்து நின்றார்கள்.

அடிக்க வரப்போகிறார்கள் என்றுதான் நினைத்தான். மனப்பாடம் செய்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

"எல்லாம் என் தப்பு சார். ஒரு அம்மா கேட்டாங்க, மனசு கேக்காம எழுதிட்டேன். அப்புறம் எழுதினதெல்லாம் அத மூடப்போயி வந்தது. கதாசிரியர்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசணும். பெரிய இடம் வேணாம் சார் கழுதைக்கு. ஓரமா, ஒரு வாசல்ல நின்னாப் போதும். ஒரு வீரன் பக்கத்துல."

பின்வரிசையில் ஒரு பெண் நோட்டைத் திறந்து வேகமாக எதையோ எழுதிக்கொண்டாள்.

"கதாசிரியரா?" என்றார் மரக்காரர். "அவர் வேலய விட்டுட்டுப் போயி ரெண்டு வருஷமாச்சே."

"என்ன சார் சொல்றீங்க? கீழ யாருக்கும் தெரியாதே."

"எப்படித் தெரியும்? சொல்லக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"முதலாளிக்கு?"

"தானும் ரசிகன் மாதிரி புதுசா விளையாடணுமாம். கதையப் பத்தித் தன்கிட்டயே ஒரு வார்த்த பேசக்கூடாதுன்னு அவரே எழுதி வாங்கிட்டாரு."

அவன் கதவின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். "அப்ப, ரெண்டாம் பாகத்துக்குக் கதை?"

மரக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நீங்க கீழ எழுதுறதுதான் சார் கதை, அடுத்து என்ன ஆகுதுன்னு சொல்லிட்டீங்கன்னா நாங்க வேலய ஆரம்பிச்சிடுவோம்."