அரியரத்தினம் இன்னும் ஓட்டுகிற கார்

இறந்துபோன நண்பர் ஒருவரின் நல்ல பெயர் மூவாயிரத்து எண்ணூறு யூரோ. வட்டியும் அதற்குள் அடக்கம். பாரிசில் ரூ லூயி-பிளாங் தெருத் தேநீர்க்கடையின் மூலை மேசையில், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எமில் இந்த விலையைச் சொன்னார்.

“வண்டி காஜே ஆயிருக்கு, முசியே வசந்தன். அதாவது அடகுல இருக்கு. மூவாயிரத்து எண்ணூறு பாக்கி. அது தீர்ற வரைக்கும் கார்த் கிரீஸ், அதான் வண்டியோட பதிவுத் தாள், உங்க பேருக்கு மாறாது.”

“அடகோ? நகை மாதிரியோ?”

“நகைன்னா கடன் குடுத்தவன் பெட்டியில வச்சுப் பூட்டியிருப்பான். இது ஓடுற சாமான். உங்க கையிலயே விட்டு வச்சிருக்கான். அவ்வளவுதான் வித்தியாசம்.”

எமில் புதுச்சேரிக்காரர். வேலைக்காலம் முழுவதும் அரசாங்க அலுவலகத்தில் மற்றவர்களின் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு ஓய்வு பெற்றவர். இப்போது அதே விண்ணப்பங்களை, ஒன்றுக்குப் பத்து யூரோ வாங்கிக்கொண்டு, திரும்பி வராதபடி நிரப்பிக் கொடுக்கிறார்.

“வாரிசுத் தாள் சரி. செத்தவரோட சம்சாரம் கையெழுத்து சரி. அடகு இல்லைன்னு காட்டுற தாள் மட்டும்தான் இல்ல. அதப் பாக்காமலா காசு குடுத்தீங்க? நீங்களா?”

அந்த ‘நீங்களா’வில் நியாயம் இருந்தது. லா ஷப்பெலில் கைத்தொலைபேசிக் கடை வைத்திருக்கும் வசந்தனின் பேரத்துக்கு அஞ்சி மொத்த வியாபாரிகள் எதிர்ப் பக்க நடைபாதையில் போவார்கள். பல் வைத்தியரிடம், இரண்டாகப் பிடுங்கினால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டவன் அவன். கேட்டுக் குறைத்தும் கொண்டவன். ஒரு பல் நல்ல பல்.

ஆனால் இந்தக் காரை அவன் வாங்கிய இடம் வேறு.

அரியரத்தினத்தின் முப்பத்தோராம் நாள் காரியம். பாரிசுப் புறநகர் லெ பிளாங்-மெனிலில் நாலாம் மாடி. அரியரத்தினம் அவனுக்கு ஊராரும் இல்லை, உறவும் இல்லை. பாரிசுக்கு வந்த புதிதில் ஒரே அறையில் முறை வைத்துத் தூங்கிய பழக்கத்தில், அண்ணை என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அண்ணனாகவே ஆகிவிட்டார். நோய் அவருக்கு இரண்டு மாதம்தான் தவணை கொடுத்தது. படையல் முடிந்து, எல்லோரும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, அவருடைய மனைவி இராசேஸ்வரி சுவரைப் பார்த்தபடி சொன்னாள்:

“தம்பி, காரை என்னாலை ஓடேலாது. நீ எடுக்கிறியோ? ஐயாயிரத்து எண்ணூறு.”

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள்.

வசந்தனின் நாக்கு பழக்க தோஷத்தில் அசைந்தது. அதைக் கடித்துப் பிடித்தான். எதிரே விளக்கு எரிகிறது. விளக்குக்குப் பின்னால் படத்தில் அண்ணை சிரிக்கிறார். துக்க வீட்டில் பேரம் பேசுகிறவன் மனிதனா? அடகு இல்லை என்று தாள் காட்டுங்கள் என்று அங்கே கேட்கிறவன் மனிதனா?

“ஓம் அக்கா,” என்றான்.

மறுநாள் உறையில் போட்டு முழுக் காசையும் கொடுத்தான். துக்க வீட்டு வழக்கப்படி, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினான். சொன்ன விலைக்கே அவன் வாங்கிய முதல் பொருள் அந்தச் சாம்பல் நிறப் பேஜோ கார்.

“கடனுக்கு இன்சூரன்சும் போடல உங்காளு,” என்றார் எமில். “மாசம் ஆறு யூரோ மிச்சம் பிடிச்சிருக்கார். போட்டிருந்தா ஆள் போன அன்னிக்கே கடனும் போயிருக்கும்.”

“அண்ணை அப்பிடித்தான். மிச்சம் பிடிப்பார்.”

சொல்லிவிட்டு வசந்தன், ஆருக்கு மறைத்தாலும் எனக்கு மறைக்கலாமோ என்று படத்தில் சிரித்த மனிதரிடம் மனதுக்குள் கேட்டான். மருத்துவமனையில் பக்கத்திலேயே இருந்தேனே, ஒரு சொல் சொல்லியிருக்கலாமே.

“அந்தம்மாகிட்ட விஷயத்தச் சொல்லிக் காசத் திருப்பி வாங்குங்க, முசியே.”

“அக்காவுக்கு இது தெரியாது. தெரியவும் கூடாது. மனுசன் செத்து இன்னும் கண்ணீர் காயேல்லை. உங்கடை புருசன் கடனை மறைச்சு எனக்குக் காரைத் தள்ளிப்போட்டார் எண்டு போய்ச் சொல்லவோ?”

“அப்ப பாக்கிய யார் கட்டறது?”

வசந்தன் தேநீரைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது. ஆறிய தேநீருக்குக் காசு குறைக்கச் சொல்லி அவன் கேட்கவில்லை. எமில் அதைக் கவனித்துக் கவலைப்பட்டார்.

முதல் பொய் சின்னது. இராசேஸ்வரிக்கு ரெலிபோன் எடுத்து, “கார்த் கிரீஸ் மாத்தச் சுணங்குமாம் அக்கா, அவையின்ரை கொம்பியூட்டர் பழுதாம்,” என்றான்.

“ஓம் தம்பி, ஓம். நீ ஆறுதலாச் செய்,” என்று அவள் அவசரமாகச் சொன்னாள்.

ஆகவே கார், செத்தவரின் பெயரிலேயே ஓடியது. பத்து நாளில் அவள் கூப்பிட்டாள்.

“தம்பி, அவர் கெதியா ஓடினவராம்.”

“ஆர் அக்கா?”

“அவர்தான். பொபினியிலை. ஐம்பதிலை போற இடத்திலை ஐம்பத்தேழிலை போனவராம். அபராதம் அவரின்ரை பேருக்கு வந்திருக்கு. போன செவ்வாய்க்கிழமை எண்டு போட்டுக் கிடக்கு.”

வசந்தன் கண்ணை மூடினான். பொபினிக்குப் போனது தன் கால்தான், அழுத்தியதும் தன் கால்தான்.

“உயிரோடை இருக்கேக்கை நாப்பத்தைஞ்சைத் தாண்டாத மனுசன், தம்பி. பின்னாலை வாறவனெல்லாம் ஹோர்ண் அடிப்பான். இவர் கையைக் காட்டி, நீ போ ராசா எண்டுவார். இப்ப என்ன அவசரமோ அவருக்கு.”

அவள் சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று ரெலிபோனில் பிரித்தறிய முடியவில்லை.

“நான் கட்டிறன் அக்கா. கடிதத்தைத் தாங்கோ.”

“நம்பரைச் சொல்லிறன், கட்டு. கடிதம் என்னட்டை இருக்கட்டும். அவரின்ரை பேருக்கு இப்ப வேறை ஒருத்தரும் எழுதிறேல்லை.”

ஓடினால்தானே அபராதம்? வசந்தன் காரை ஓட்டுவதை நிறுத்தினான். கடைக்கு முன்னால் நிறுத்தினான். பாரிசில் ஓடுகிற காரைவிட நிற்கிற காருக்குச் செலவு அதிகம் என்பது வியாபாரிக்குத் தெரியாமல் போனது துக்கத்தால்தான். நிறுத்துமிடக் காசு கட்டாத வண்டிகளைப் படம் பிடிக்கும் கார் தினமும் அந்தத் தெருவால் போனது. கடிதங்கள் தினமும் லெ பிளாங்-மெனிலுக்குப் போயின.

“தம்பி, இப்ப ஒவ்வொரு நாளும் வருது.”

“நிண்டதுக்கோ அக்கா?”

“ஓம். ரூ லூயி-பிளாங். உன்ரை கடை நம்பர்தான் போட்டிருக்கு. வேலை முடிஞ்சா உங்கைதானே வந்து நிப்பார். நான் சோத்தைப் போட்டுட்டுப் பாத்துக்கொண்டிருப்பன். இப்பவும் உங்கைதான் நிக்கிறார் போலை.” பிறகு கேட்டாள்: “நல்லாத்தானே நிக்கிறார்?”

“ஓம் அக்கா,” என்றான் வசந்தன். கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறப் பேஜோவின் கூரையில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது.

அவ்வளவோடு போயிருந்தால் அபராதத்தோடு போயிருக்கும். எமில் புதிதாக ஒன்றைச் சொன்னார். அரியரத்தினம் இறந்ததும் வங்கி அவருடைய கணக்கை முடக்கிவிட்டது. தவணைகள் திரும்பிப் போயிருக்கும். கடன் கொடுத்த கம்பெனி சீக்கிரம் வீட்டுக்கு எழுதும்.

அந்தக் கடிதத்தையும் அக்கா படத்துக்கு முன்னால் வைத்து ஆறுதலாக வாசிப்பாள். அதைத் தடுக்க வேண்டும். முகவரியை மாற்றினால் போதும் என்று வசந்தனுக்குத் தோன்றியது. கடைக்கதவைச் சாத்திவிட்டு, கம்பெனிக்கு ரெலிபோன் எடுத்து, தானே அரியரத்தினம் என்றான்.

எதிர்முனையில் ஆன்-சோஃபி என்றொரு பெண். தேன் குரல். பிறந்த தேதி கேட்டாள். தடுமாறாமல் சொன்னான், மருத்துவமனைப் படிவங்களை நிரப்பியவன் அவன்தானே.

“நன்றி, முசியே அரியரத்தினம். நலமாக இருக்கிறீர்களா?”

எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். ஆனாலும் வசந்தன் அதை அண்ணையிடம் கேட்டதாகவே எடுத்துக்கொண்டு பதில் சொன்னான்.

“நலம்தான், மதாம். இப்போது வலி ஒன்றும் இல்லை.”

“மிக்க மகிழ்ச்சி. முகவரியை மாற்றிவிட்டேன். இந்தக் கடன் உங்களுடையது என்று ஒப்புக்கொள்கிறீர்கள் அல்லவா?”

“ஒப்புக்கொள்கிறேன்.”

“நல்லது. தவணை தவறியதால் மூவாயிரத்து எண்ணூறையும் மொத்தமாகக் கட்ட வேண்டும். தவறினால் மாத முடிவில் காரை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஒப்புதல் பதிவாகியிருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், முசியே.”

எமில் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஆள் செத்துட்டார்னு ஒரு கடுதாசி போட்டிருந்தா அவகாசம் குடுத்திருப்பான். கொஞ்சம் குறைச்சும் இருப்பான். நீங்க என்னடான்னா உயிரோட எழுப்பி விட்டுட்டீங்க. உயிரோட இருக்கறவன் கட்டித்தான் ஆகணும்.”

கையில் அவ்வளவு காசு இல்லை. சீட்டு இருந்தது. முறை வருவதற்கு முன்னால் எடுத்தால் கழிவு போகும். மற்ற நாளில் பத்து யூரோக் கழிவுக்கே சீட்டுக்காரியுடன் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுகிற வசந்தன், அன்று அவள் சொன்ன கழிவுக்குத் தலையாட்டினான். அவள் பயந்துபோய் அவன் மனைவி தயாளினிக்குச் சொல்லிவிட்டாள்.

“அது கனடாச் சீட்டு,” என்றாள் தயாளினி, சோற்றைப் போட்டபடி. “என்ரை தங்கச்சியின்ரை கலியாணத்துக்குப் போக.”

“தெரியும்.”

“ஒரு காரை ரெண்டு தரம் காசு குடுத்து வேண்டின யாவாரி லா ஷப்பெலிலை நீங்கள் ஒராள்தான்.”

“ரெண்டாவது தரம் காருக்கில்லை, தயா. அண்ணையின்ரை பேருக்கு.”

“அந்த மனுசன் உங்களை ஏமாத்தினவர். அதை ஒருக்கால் உங்கடை வாயாலை சொல்லுங்கோ. பிறகு நான் கனடாவைப் பற்றிக் கதைக்க மாட்டன்.”

நல்ல விலைதான். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வீட்டுச் சண்டை தீரும். வசந்தன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். வாய் வரவில்லை. இத்தனை நாளும் மனதுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். சத்தமாகச் சொன்னால் உண்மையாகிவிடுமே.

தயாளினி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

கடன் தீர்ந்தது. “அடகு நீங்கிடுச்சு, முசியே,” என்றார் எமில். “ஆனா அந்தம்மா போட்ட கையெழுத்துக்குத் தேதி பழசாயிடுச்சு. புதுசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

இராசேஸ்வரி வாசிக்காமலே கையெழுத்துப் போட்டாள். படத்துக்கு முன்னால் அபராதக் கடிதங்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன, மேலே ஒரு செவ்வரத்தம்பூ.

“எல்லாம் முடிஞ்சுதோ தம்பி?”

“முடிஞ்சுது அக்கா. கொம்பியூட்டரைத் திருத்திப்போட்டினம்.”

அவள் சட்டென்று இரண்டு கையாலும் அவனைக் கும்பிட்டாள். கொம்பியூட்டரைத் திருத்தியதற்கு எதற்குக் கும்பிடு என்று அவன் குழம்புவதற்குள் குசினிக்குள் போய்விட்டாள். தண்ணீர்க் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அது நெடுநேரம் நிற்கவில்லை.

கார் நிற்கிற இடம் வரைக்கும் இராசேஸ்வரியின் மகள் அக்‌ஷரா கூட வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள். இன்று தானாகத் தமிழில் தொடங்கினாள்.

“மாமா, கேக்க வேண்டாமெண்டு அம்மா சொன்னவ. நான் கேக்கிறன். லோனை முழுக்கக் கட்டிட்டீங்களோ?”

வசந்தனின் கையில் சாவி அப்படியே நின்றது.

“லோனோ? உனக்கு ஆர் சொன்னது?”

“எங்களுக்கு முதலே தெரியும்.”

“அக்காவுக்குமோ?”

“ஓம். நீங்களும் தெரிஞ்சுகொண்டுதான், எங்களுக்கு உதவியா முழுக் காசையும் தந்து, லோனையும் பொறுப்பெடுத்தனீங்கள் எண்டு அம்மா நினைச்சவ. அதைப் பற்றிக் கதைச்சா உங்களைக் குறைச்ச மாதிரிப் போயிடுமெண்டு இவ்வளவு நாளும் வாய் திறக்கேல்லை.”

வசந்தன் காரில் சாய்ந்துகொண்டான். கேட்கக் கூடாது என்று அத்தனை நாளும் அடக்கி வைத்தது அவனை மீறி வந்தது.

“கொப்பா எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே, பிள்ளை. ஏன் மறைச்சவர்?”

“மறைக்கேல்லை மாமா, ஆஸ்பத்திரியிலை வைச்சு எங்களுக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர்: லோனை முதலே சொன்னா வசந்தன் அதிலையும் பேரம் பேசுவான், நீங்கள் ஐயாயிரத்து எண்ணூறு எண்டு மட்டும் சொல்லுங்கோ, அவன் எதையும் மூண்டிலை ஒரு பங்குக்குத்தான் கேப்பான், ரெண்டாயிரம் எண்டு அவன் வாய் திறந்த உடனை ஓமெண்டு சொல்லிப்போட்டு, மிச்சம் மூவாயிரத்து எண்ணூறையும் லோனுக்குக் கட்டச் சொல்லுங்கோ, கூட்டிப் பாத்தாக் கார் விலை சரியா வரும், அவனுக்கும் நட்டமில்லை எங்களுக்கும் நட்டமில்லை எண்டு. நீங்கள் ஏன் மாமா அண்டைக்கு ஒண்டும் கேக்கேல்லை?”