கடைசிப் பொட்டலம்

மார்ச் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, நான்காவது மாடி வீட்டின் சமையலறை அலமாரியிலிருந்து இறக்கப்பட்ட கோதுமை மாவுப் பொட்டலம் காலாவதியாகி ஏழு வருடங்கள் ஆகியிருந்தன.

"ஏழு வருஷம்! இது மாவு இல்ல சார், அஸ்தி," என்றார் எதிர் வீட்டு நர்ஸம்மா.

"பிரிக்கவே இல்லையே சிஸ்டர். சீல் அப்படியே இருக்கு," என்றார் ஸ்டோர் சார்.

"உள்ள குடியிருக்கிறவங்களும் அப்படியேதான் இருக்காங்க. பாருங்க, குழந்தை குட்டியோட."

பொட்டலத்தின் மூலையில் கறுப்பாகச் சில நகர்ந்துகொண்டிருந்தன. ஸ்டோர் சார் அதைக் கீழே வைத்தார்.

பஸ் பணிமனையில் உதிரி பாகக் கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். கிடங்கில் ஒரு விதி உண்டு. நட்டோ, போல்ட்டோ, பிரேக் ஒயரோ, எதுவானாலும் கடைசி ஒன்றை வெளியே கொடுக்கக் கூடாது. ஓய்வு பெற்றபோது பணிமனையில் ஒரு சால்வையும் சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். விதியை அவரே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மனைவி இருந்தவரை அது வாசற்படியோடு நின்றது. அவர் காலமான பிறகு சமையலறைக்குள் வந்தது.

சர்க்கரை ஒரு பொட்டலம் மட்டும் மிஞ்சினால் ஸ்டோர் சார் கடைக்குப் போவார். வாங்கி வந்த புதியதைப் பிரிப்பார். மிஞ்சியது மிஞ்சியபடியே நிற்கும். சர்க்கரை மூன்று கம்பெனிகளில் வந்தால் மூன்றுக்கும் தனித்தனிக் கடைசி. இப்படி அரிசி முதல் வினிகர் வரை தொடப்படாத கடைசிகள் அலமாரியின் ஐந்து தட்டுகளையும் நிரப்பிவிட்டு, கட்டிலுக்கு அடியிலும் இறங்கியிருந்தன.

போன மாதம் வந்த மகள் ஒரு தக்காளி விழுது டப்பாவைத் திருப்பித் தேதியைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, அடுத்த தடவை நான் வரும்போது தேதி தாண்டின சாமான் ஒண்ணு கண்ணுல பட்டாலும், பெட்டியைக் கட்டிக்கிட்டு எங்கூடக் கிளம்பிடணும். சொல்லிட்டேன்."

நேற்று அவளிடமிருந்து போன். "வெள்ளிக்கிழமை வர்றேன்ப்பா. சமையலறையைத்தான் முக்கியமா பார்க்கணும்."

மகள் வீட்டில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகள், அவள். குளியலறை ஒன்று. அங்கே ஒரு வாரம் தங்கியிருந்தபோது ஸ்டோர் சார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே நின்ற நேரம்தான் அதிகம். இங்கே அவருக்கு ஜன்னலோரம் ஒரு நாற்காலி, ஒரு ரேடியோ, தாழ்ப்பாள் போடத் தேவையில்லாத ஒரு குளியலறை. அவற்றை விட்டுக்கொடுக்க அவர் தயாராக இல்லை. அதனால்தான் நர்ஸம்மாவைக் கூப்பிட்டிருந்தார்.

"மாவைத் தூக்கிப் போடுங்க. எண்ணெய்ப் பசை உள்ளது எல்லாம் காறிப் போயிருக்கும். இந்த டப்பா மூடி உப்பியிருக்கு, தொடக்கூட வேண்டாம். வெள்ளை அரிசி பரவாயில்லை. சர்க்கரை பரவாயில்லை. தேன் உறைஞ்சிருக்கு, வெந்நீர்ல வெச்சா இளகிடும்."

"உப்பு? தேதி போயிடுச்சே."

"கடல்ல கோடி வருஷம் கிடந்த உப்பு, உங்க பாக்கெட்டுக்குள்ள வந்ததும் ரெண்டே வருஷத்துல செத்துடுமா?"

ஸ்டோர் சாருக்குத் தெம்பு வந்தது. "அப்ப பாதிக்கு மேல சாப்பிடலாம்கிறீங்க."

"சாப்பிடலாம். ஆனா உங்க பொண்ணு மூக்கை வெச்சா பார்க்கப் போறா? தேதியைத்தான் பார்ப்பா."

அங்கேதான் சிக்கல். நல்ல சாமானும் கெட்ட தேதியும் ஒரே பொட்டலத்தில் இருந்தன. இரண்டையும் பிரித்துவிட்டால் தீர்ந்தது என்று ஸ்டோர் சார் முடிவு செய்தார். அன்று மாலையே ஒரே அளவில் கண்ணாடி பாட்டில்கள் வாங்கி வந்து, எல்லாவற்றையும் கொட்டி மூடினார். பொட்டலங்களைக் கிழித்துக் குப்பையில் போட்டார். அலமாரி மருந்துக்கடைபோல் பளிச்சென்று ஆனது.

மறுநாள் காலை காபியில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டார். உப்பு. அடுத்த பாட்டிலிலிருந்து போட்டார். காபி பிசின்போல் ஆயிற்று.

எதிர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சிஸ்டர், வெள்ளையா அஞ்சு பாட்டில் இருக்கு. உப்பும் சர்க்கரையும் நாக்குல கண்டுபிடிச்சுட்டேன். மிச்சம் மைதா, சோளமாவு, சமையல் சோடா. எது எதுன்னு தெரியல."

"பேர் எழுதி ஒட்டலையா?"

"முப்பது வருஷம் ஒட்டினேன். வீட்டுலயாவது ஓய்வா இருக்கலாம்னு..."

"கொஞ்சம் வினிகர் விட்டுப் பாருங்க. பொங்கினா சோடா."

கதவு சாத்தப்பட்ட சற்று நேரத்தில் "சிஸ்டர்!" என்று ஓர் அலறல் கேட்டது. நர்ஸம்மா ஓடி வந்தார். மேல்தட்டில் இருந்த பாட்டிலின் வாயிலிருந்து நுரை புறப்பட்டு, இரண்டாம் தட்டைக் கடந்து, மூன்றாம் தட்டில் மூடி திறந்திருந்த அரிசிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு ஸ்பூன்ல எடுத்துப் பார்ப்பாருன்னு நினைச்சேன்," என்றார் நர்ஸம்மா, யாரிடம் என்றில்லாமல். "பாட்டிலுக்குள்ளயா சார் ஊத்துவாங்க!"

"சோடா நல்லாத்தான் இருக்கு சிஸ்டர்," என்றார் ஸ்டோர் சார். "வீரியம் குறையவே இல்லை."

நனைந்த அரிசியை வைத்திருக்க முடியாது. எறியவும் மனமில்லை. வியாழக்கிழமை அதைக் கழுவி உலையில் போட்டார். போட்டதுதான் போட்டோம் என்று பக்கத்து அடுப்பில் பழைய காராமணியையும் ஏற்றினார். அரிசி வெந்து, குழைந்து, கூழாகி அடங்கியது. காராமணி மதியம்வரை கொதித்தும் கூழாங்கல்லாகவே இருந்தது. தண்ணீர் சுண்டச் சுண்ட ஊற்றினார். கடைசியில் நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டார். புகை ஜன்னல் வழியாக ஐந்தாம் மாடிக்குப் போனது. ஐந்தாம் மாடிக்காரர் மூன்றாம் மாடிக்காரரைத் திட்டினார். மூன்றாம் மாடிக்காரர் மேலே ஏறி வந்து ஸ்டோர் சாரைத் திட்டினார்.

"பாத்திரம் ஓட்டையாயிடுச்சு," என்றார் நர்ஸம்மா, அடியைத் திருப்பிப் பார்த்து. "காராமணி இன்னும் வேகல."

"அந்தக் காலத்துச் சரக்கு."

"சார், பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிற கதையா இது? ஒரு அலமாரியையே மறைக்கப் பார்க்கறீங்க. பேசாம எல்லாத்தையும் கொண்டு போய்க் கொட்டுங்க."

ஸ்டோர் சார் அலமாரியின் முன் வெகுநேரம் நின்றார். கிடங்கில் அவர் இருந்த காலம் முழுவதும் ஒரு தட்டுகூடக் காலியானதில்லை. மேலதிகாரிகள் கெஞ்சியிருக்கிறார்கள், டிரைவர்கள் சாபமிட்டிருக்கிறார்கள். கடைசி ஒன்று கடைசிவரை நின்றிருக்கிறது. ஆனால் அப்போது யாரும் அவருடைய குளியலறையைக் கேட்கவில்லை.

பைகளைக் கட்டினார். நான்கு மாடி இறங்கி, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு ஏறினார். மறுபடி இறங்கினார். கட்டிலுக்கு அடியிலிருந்தவையும் போயின.

வெள்ளிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. மகள் என்று நினைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு திறந்தார். கட்டடக் காவலாளி நின்றான். காலடியில் அத்தனை பைகளும் இருந்தன.

"ஐயா, உங்க வீட்டுச் சாமானை யாரோ திருடிக் குப்பையில ஒளிச்சு வெச்சிருக்கானுங்க. நல்லவேளை, நான் பார்த்தேன். ஒண்ணு விடாம கொண்டு வந்துட்டேன்."

"நான்தான்யா போட்டேன்!"

"நீங்களா?" காவலாளி சிரித்தான். "போங்க ஐயா. பழைய செருப்பு அறுந்தாலே தைச்சுத் தைச்சுப் போடறவரு நீங்க."

வாதாட நேரமில்லை. ஸ்டோர் சார் ஒரு ஆட்டோவைக் கூப்பிட்டு, பைகளை ஏற்றிக்கொண்டு, மூன்று தெரு தள்ளி இருந்த தொட்டியில் போட்டுவிட்டு வந்தார். மூச்சு வாங்க அலமாரியைத் திறந்து பார்த்தபோதுதான் அடுத்த பயம் பிடித்தது. ஐந்து தட்டுகளும் துடைத்துவிட்டதுபோல் காலி. உப்பு பாட்டில் மட்டும் தனியாக நின்றது. கெட்ட சாமான் இருந்தால் தகப்பனுக்குப் பார்வை போய்விட்டது என்பாள். சாமானே இல்லையென்றால் தகப்பன் பட்டினி கிடக்கிறான் என்பாள். கடைக்குப் போகப் பையை எடுத்தார். வாசலில் மகள் நின்றாள்.

தனியாக வரவில்லை. பின்னால் கட்டம் போட்ட சட்டையில் பருமனான ஒருவர் நின்றார். கையில் அளவு நாடா வைத்திருந்தார். முதியோர் இல்லத்து ஆள் என்று ஸ்டோர் சாருக்கு உடனே புரிந்துவிட்டது. மகள் வீடுகூட இல்லை, அதற்கும் மேலே போய்விட்டாள்.

மகள் நேராகச் சமையலறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். "எங்கப்பா எல்லாம்?"

"தூக்கிப் போட்டுட்டேன்மா. தேதி தாண்டினது ஒண்ணுகூட இல்ல. நீ தேடிக்கோ."

"எல்லாத்தையுமா? கட்டிலுக்கு அடியில இருந்ததும்?"

"எல்லாம்."

மகளுக்குக் கண் கலங்கியது. ஸ்டோர் சாருக்கு அது நல்லதாகப் படவில்லை.

"ஐயா, இந்த வாசக் கதவு முழுசாத் திறக்குமா?" என்று கேட்டார் சட்டைக்காரர்.

"ஒத்தைக் கையால திறப்பேன்," என்று ஸ்டோர் சார் திறந்து காட்டினார்.

"லிஃப்ட் எவ்வளவு வெயிட்டு தாங்கும்?"

"எனக்கு லிஃப்ட்டே வேண்டாம். படியிலதான் ஏறுவேன். நேத்து மட்டும் எத்தனை தடவை, எதிர் வீட்டு சிஸ்டரைக் கேளுங்க. சமையல் நானே. துணி நானே. நேத்து காராமணிகூட வெச்சேன்."

சட்டைக்காரர் தலையாட்டிவிட்டுக் குளியலறைக் கதவையும் அளந்தார்.

மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே நீங்க தனியா இருக்க வேண்டாம்ப்பா." கணவரைப் போனில் கூப்பிட்டுக்கொண்டே மாடிப்படிக்குப் போனாள்.

ஸ்டோர் சார் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். "பெட்டியை எப்பக் கட்டணும்?" என்று கேட்டார்.

சட்டைக்காரர் அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

"நீங்க எதுக்கு ஐயா கட்டணும்? கட்டறதெல்லாம் எங்க லாரி ஆளுங்க வேலை. அவங்க வீட்டு ஓனர் போன வாரம் காலி பண்ணச் சொன்னதுலேருந்து அக்காவுக்கு இங்க வரணும்னுதான் ஆசை, அப்பா வீட்டு அலமாரியில ஊசி வைக்க இடமில்லையேன்னு வேற வீட்டுக்கு அட்வான்ஸ் குடுக்க இருந்தாங்க. இப்ப நீங்களே ஒழிச்சுக் குடுத்துட்டீங்க, நாளைக்குக் காலையில அஞ்சு பேரோட சாமானையும் இங்கயே இறக்கிடறோம்."