சத்தம் போடாத தகரம்

அரைகுறையாகப் படித்தவன் கையில் மைக் கிடைக்கக் கூடாது. எழுபதுகளின் நடுவில் என் கையில் கிடைத்தது. தபாலில் ரேடியோ மெக்கானிசம் படித்து முடித்து, திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊருக்கு என்னை நானே விஞ்ஞானியாக நியமித்துக்கொண்டிருந்த காலம். (வேறு யாரும் நியமிக்கவில்லை.)

அருப்புக்கோட்டையில் ரேடியோ பட்டறை போட வேண்டும் என்பது என் ஆசை. காரியாபட்டியில் மாமாவின் பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்க வேண்டும் என்பது அய்யாவின் ஏற்பாடு. "ஒன் படிப்பால நம்ம வெள்ளாமைக்கு ஒரு பிரயோசனம் காட்டு, பட்டறைக்குச் சரிங்கிறேன்" என்றார்.

அந்த வருஷம்தான் முதன்முதலாக மக்காச்சோளம் போட்டிருந்தோம். கதிரிலிருந்து மணி உதிர்க்க ஒரு மிஷினை டிரைவரோடு வாடகைக்குப் பிடித்து வந்தோம். அதன் காற்றாடி, சக்கையையும் தூசியையும் பின்வாய் வழியாகத் தள்ளும்போது நல்ல மணியும் சேர்ந்து பறக்கும். எவ்வளவு பறக்கிறது என்று யாருக்கும் தெரியாது. என் மூளை அங்கேதான் வேலை செய்தது. பின்வாய்க்குக் கீழே சல்லடை, அதற்குக் கீழே தூசிக் குவியலைப் பார்த்துச் சாய்த்து வைத்த தகரம், தகரத்தின் அடியில் கல்யாண வீட்டு மைக். சக்கை சல்லடையில் சறுக்கிப் போய்விடும். மணி மட்டும் தகரத்தில் விழுந்து, வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் 'டொக் டொக்' என்று காட்டிக்கொடுக்கும். சத்தம் கூடினால் காற்றைக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான்.

காலையில் எல்லாம் பிரமாதமாக நடந்தது. டிரைவர் காற்றைக் குறைக்கக் குறைக்கச் சத்தமும் குறைந்தது. வேடிக்கை பார்க்க ஊரே கூடிவிட்டது. அய்யா என்னைத் தன் மகன்தான் என்று ஒத்துக்கொள்கிற முகத்தோடு நின்றார்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மறுபடி மிஷினை ஓட்டினோம். ஸ்பீக்கரில் ஒரு சத்தமும் இல்லை. குனிந்து பார்த்திருக்கலாம். (விஞ்ஞானி குனிவானா?) இன்னொரு மைக்கை எடுத்து, "ஒரு மணிகூட வீணாகவில்லை என்பதைப் பொதுமக்களுக்கு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று முழங்கினேன்.

"அப்ப வெரசாப் போகட்டும், காத்தக் கூட்டுய்யா" என்றார் அய்யா. டிரைவர் கூட்டினார். அப்போதும் சத்தம் இல்லை. இன்னும் கூட்டினார்.

பொழுது சாய்கிற நேரம் அய்யா தூசிக் குவியலில் கால் வைத்தார். கணுக்கால் வரை மஞ்சள் மணிக்குள் இறங்கியது. என்னைத் திரும்பிப் பார்த்தார். மாமா கடை நூல்கண்டு என் கண்ணுக்கு நேரே தொங்கியது.

ஓடிப்போய்ச் சல்லடையைத் தூக்கினேன். தகரத்தின் மேல் நாலாக மடித்த கோணி ஒன்று கிடந்தது.

"நாந்தான் போட்டேன்" என்றாள் பாக்கியம். களத்து வேலைக்கு வந்த பெண்களில் மூத்தவள். "தூசியில விழுறது வேலைக்கு வந்த பொம்பளைகளுக்குத்தான? அதப் பொடச்சுத்தான வீட்டுல கஞ்சி காச்சுறோம். அதுக்கும் நீங்க காவல் வச்சா நாங்க எங்கிட்டுப் போறது தம்பி?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எந்தத் தானியம் அடித்தாலும் பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். மைக்கையும் தகரத்தையும் யோசித்த மண்டையில் அந்தப் பெண்கள் ஒரு தடவைகூட வரவில்லை.

அய்யா குவியலிலிருந்து காலை எடுத்து உதறினார். பிறகு, "அவ சொல்றது நெசந்தானலே" என்றார் என்னிடம். பாக்கியத்தின் பக்கம் திரும்பி, "இன்னைக்குத் தூசி ஒங்களுக்கே. நாளையிலருந்து தூசிக்குப் பதிலா ஆளுக்கு ஒரு மரக்கா மணி அளந்து தாரேன். கோணிய எடுத்துருவீகளா?" என்று கேட்டார்.

"அளந்து குடுத்தா கோணி எதுக்குய்யா?" என்றாள்.

மறுநாள் ஸ்பீக்கருக்குக் கீழே காது கொடுத்து நின்றது பாக்கியம்தான். "ஏய்யா டிரைவரு, டொக்குங்குது, காத்தக் கொறய்யா" என்று அவள் போட்ட அதட்டலில், சாயங்காலம் தூசியைக் கிளறிய கோழிகள் ஏமாந்து போயின. பெண்கள் ஆளுக்கொரு மரக்கால் மணியோடு வீட்டுக்குப் போனார்கள். அய்யா பட்டறைக்குச் சரி சொன்னார். அதை வைத்துத்தான் இத்தனை வருஷம் பிழைத்தேன்.

ஆனாலும் என் வீட்டில் நான் எதையும் அறிவித்துவிட முடியாது. போன மாதம் ரத்தப் பரிசோதனைச் சீட்டை ஆட்டிக்கொண்டே, "சர்க்கரை, கொழுப்பு, ஒண்ணும் கிடையாது. எல்லாம் நார்மல்" என்று கூடத்தில் நின்று முழங்கினேன். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எதுக்கும் மேல கோணி கெடக்கான்னு ஒருக்காப் பாத்துருங்க" என்றாள்.

பார்த்தேன். அது அவளுடைய சீட்டு.