அழகுச் சேதம்

மனிதனுக்கு ஆயுள் இருப்பதுபோல மோட்டார் வண்டிக்கு அழகு என்று ஒன்று இருக்கிறது. அதுவும் எந்த நிமிஷத்திலும் போய்விடக்கூடியது. இந்த உண்மையை 1961ஆம் வருஷம் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு அதற்கு ஒரு பாலிசியும் போட்டது. இன்ஜின் நொறுங்கினால் பழைய பாலிசி. கீறல், சிராய்ப்பு, பெயின்ட் உரிதல் போன்ற சில்லறைத் துன்பங்களுக்குப் புதிய பாலிசி. எல்லாம் தமிழில் இருக்க வேண்டும் என்று பேச்சு அடிபட்ட காலம். தலைமை அலுவலகத்தில் யாரோ ஒருவர் யோசித்து, அதற்கு 'அழகுச் சேதப் பாதுகாப்பு' என்று பெயர் வைத்தார். அந்த ஒருவர் கொஞ்சம் குறைவாக யோசித்திருந்தால் இந்தக் கதைக்கே இடமிருந்திருக்காது.

திருச்சி பாலக்கரையில் ஹனீஃபாவிடம் பாலாடை நிறத்தில் ஒரு லேண்ட்மாஸ்டர் கார் இருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு அதை வாடகைக்கு விட்டு, தாமே ஓட்டியும் வந்தார். காரில் ஊர்வலம் வராதவரை மாப்பிள்ளை என்றே யாரும் ஒப்புக்கொள்ளாத காலம் அது. மறுநாள் அதே மாப்பிள்ளை டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவார். அது வேறு விஷயம். தையும் மாசியும் கார் ஓடினால்தான் ஹனீஃபா வீட்டில் மற்ற மாதங்கள் ஓடும்.

மார்கழி பதினைந்தாம் தேதி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு அருகே, ஜீயபுரத்திலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த வண்டியின் மாடு ஈயை விரட்டத் தலையைத் திருப்பியது. கொம்பு காரின் இடது கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு இழுத்துவிட்டது. மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பெயின்டரிடம் விட்டால் அரை நாள் வேலை. அதற்குள் அவருக்கு அந்தப் புதிய பாலிசியை விற்ற ஏஜெண்டு ஜெகபர் சாதிக் ஓடி வந்துவிட்டார்.

"அண்ணே, கதவுல கை வச்சிடாதீங்க. கிளெய்ம் முடியிற வரைக்கும் கீறல் கம்பெனிச் சொத்து."

கம்பெனிச் சொத்தைக் கதவில் சுமந்துகொண்டு ஹனீஃபா காத்திருந்தார். முதலில் வந்தவர் ஸ்ரீரங்கம் அடையவளஞ்சான் தெரு ரங்கசாமி, கலெக்டர் ஆபீசில் ஹெட் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தை இருபதாம் தேதி அவர் மகளுக்குக் கல்யாணம். காரை ஒரு சுற்று சுற்றி வந்தவர் இடது கதவண்டை நின்றுவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் குற்றம் கண்டுபிடிக்கவே கல்யாணத்துக்கு வருகிறவர்கள், அதைத் தாமே தேடி எடுத்துக் கொடுப்பானேன் என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டு போனார். அவரைத் தொடர்ந்து இன்னும் இரண்டு கல்யாணங்கள் அதே கதவண்டை நின்று திரும்பிப் போயின.

கிளை மேனேஜர் அழகர்சாமி மரியாதையான மனிதர். நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் ஃபாரத்தை நீட்டினார். பதினான்காவது கேள்வி: 'சேதத்துக்கு முன் வண்டி அழகாக இருந்ததா?'

"இருந்துச்சுங்க" என்றார் ஹனீஃபா.

"நீங்க சொன்னா ஆச்சா பாய்? உங்க வண்டி, உங்களுக்கு அழகாத்தான் தெரியும்."

"நீங்களே ஒரு தடவை வந்து பாத்துட்டா..."

"நான் கீறலோடதானே பாக்கணும்? அது சரியா வராது. கெஜட்டட் ஆபீசர் சான்று கொண்டாங்க."

தாசில்தார் வெள்ளைச்சாமி இருபத்திரண்டு வருஷ சர்வீசில் ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்றும், ஏழை என்றும், யோக்கியர் என்றும் ஆயிரக்கணக்கில் சான்று கொடுத்தவர். அழகுக்குக் கொடுத்ததில்லை. ஆனால் கொடுக்கக்கூடாது என்றும் விதி இல்லை. ஆகவே 'விசாரித்து அறிக்கை அனுப்பவும்' என்று எழுதிக் கீழே தள்ளினார். அது ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் பிச்சமுத்துவின் மேல் போய் விழுந்தது.

பிச்சமுத்து வந்தார். டயரைத் தட்டிப் பார்த்தார். கதவைத் திறந்து மூடினார். கையை விரித்துக் கீறலை அளந்தார். எதிரே வெற்றிலைக் கடையில் விசாரித்தார். பிறகு எழுதினார்: 'மேற்படி கார் ஸ்தலத்தில் உள்ளது. நான்கு சக்கரங்கள். அசையக்கூடியது. இடது கதவில் ஒரு சாண் கீறல் உண்டு. அக்கம்பக்கத்தில் விசாரித்த வகையில் கார் அழகானதே என்று தெரிய வருகிறது. வேறு யாரும் பாத்தியதை கோரவில்லை.'

அன்று ஹனீஃபா காரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு வருஷமாகத் தினமும் துடைத்த வண்டி. அழகா என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்டுப் பார்த்தபோது பதில் தெரியவில்லை. மனைவி ஹாஜிராவைக் கூப்பிட்டுக் கேட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன்னைப் பற்றி அவர் கேட்காத கேள்வியைக் காரைப் பற்றிக் கேட்கிறாரே என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

தை ஐந்தாம் தேதி தாசில்தாரின் கையெழுத்தும் கோபுர முத்திரையும் விழுந்தன. அழகர்சாமி சான்றையும் அறிக்கையையும் இரண்டு தடவை படித்தார். இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார்.

"ரொம்ப சந்தோஷம் பாய். உங்க வண்டிக்குச் சேதமே இல்லை."

"புரியலீங்களே."

"தேதியைப் பாருங்க. கீறல் விழுந்தது மார்கழி. சான்று தை மாசம். கீறல் இருக்குன்னும் எழுதியிருக்கு, அழகா இருக்குன்னும் எழுதியிருக்கு. கீறலோடயே அழகுன்னு சர்க்காரே சொன்னப்புறம், அழகுக்கு என்ன சேதம்?"

ஹனீஃபா யோசித்துப் பார்த்தார். தப்பு எங்கே என்று தெரியவில்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

"அப்ப பெயின்ட் அடிச்சுக்கலாங்களா?"

"தாராளமா. ஆனா அழகான வண்டிக்கு எதுக்குன்னுதான் கேக்குறேன்."

அன்றே பெயின்ட் அடித்தார். கதவு கண்ணாடிபோல மின்னியது. மறுநாள் ரங்கசாமி மறுபடி வந்தார். ஓய்வு பெற்றும் தாலுகா ஆபீசுக்குப் போய்ப் பேப்பர் படிக்கிற பழக்கம் அவரை விடவில்லை. அங்கே அழகுக்குச் சர்க்கார் சான்று வாங்கிய கார் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறந்தால் அந்தக் காகிதத்தை நீட்டிவிடலாம் என்பது அவர் திட்டம். ஹனீஃபாவிடம் காகிதத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி வந்தார். இடது கதவண்டை நின்றார்.

"கீறல் எங்க பாய்?"

"எடுத்தாச்சுங்க. அன்னிக்கு அது இருக்குன்னுதானே வேண்டாம்னு போனீங்க?"

"அன்னிக்கு அது வெறும் கீறல். இன்னிக்கு அது ரிக்கார்டு." ரங்கசாமி காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இதுல இருக்கிற வண்டி வேற, நிக்கிற வண்டி வேற. நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்லுவேன்? கீறல் வந்தா சொல்லியனுப்புங்க."

ஹனீஃபா நேரே கர்ணத்தின் வீட்டுக்குப் போனார். அறிக்கையில் இருந்தது பிச்சமுத்துவின் சாண். தம்முடைய சாணில் இழுத்தால் நாளைக்கு ஆட்சேபணை வரும். பிச்சமுத்து பெரிய மனது பண்ணி வந்து, கதவின்மேல் கையை விரித்து வைத்தார். ஹனீஃபா கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை திருப்புளியால் ஒரே இழுப்பாக இழுத்தார்.

தை இருபதாம் தேதி ஊர்வலத்தில் மாப்பிள்ளை வீட்டார் கீறலைத் தடவிப் பார்த்தார்கள், சான்றைப் படித்தார்கள், வாயடைத்துப் போனார்கள். மாசிக்குள் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் கல்யாணத்துக்கு ஓடிய கார்கள் எல்லாம் இடது கதவில் ஒரு சாண் கீறலோடு தாலுகா ஆபீஸ் வாசலில் வரிசையாக நின்றன. கீறல் இல்லாமல் வந்த ஒரே ஒரு புதுக் காரை மட்டும் தாசில்தார் 'குறைபாட்டை நிவர்த்தி செய்து மறுபடி சமர்ப்பிக்கவும்' என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.

அந்தக் காரை ஓட்டிக்கொண்டு பாலக்கரைக்கு வந்து இறங்கினார் அழகர்சாமி. அவர் மகனுக்குக் கல்யாணம்.

"பாய், உங்க கை ரொம்ப நேரா வருதாமே" என்றார்.

ஹனீஃபா திருப்புளியைத் துடைத்துக்கொண்டே அந்தப் புது வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். உண்மையாகவே அதில் என்னவோ குறைவது போலத்தான் இருந்தது.