ஜீரோ அண்ணனின் ஃபீடு

செஞ்சி முழுக்கத் தேடினாலும், எதையும் நம்பாத மனிதர் என்ற பட்டத்துக்கு ஜீரோ அண்ணனோடு போட்டிபோட ஆள் கிடைக்காது. கரண்ட் போய்த் தன் கடையே இருட்டில் நின்றபோது, மின்சார ஆபீசுக்கு போன் போட்டு, "கரண்ட் போயிருக்குதாமே, உண்மையா?" என்று விசாரித்தவர் அவர்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே அவருக்கு ஜெராக்ஸ் கடை. கடை மூலையில் ஒரு பழைய கணினி. அவருக்குப் பிடித்த நூற்றுச் சொச்சம் இணையதளங்களில் யார் புதிதாக எதை எழுதினாலும், அது தானாகவே வந்து அந்தத் திரையில் வரிசையாக நிற்கும். இதற்குப் பெயர் ஃபீடு என்பார். மேலே 'படிக்காதவை' என்று ஓர் எண் இருக்கும். அது பூஜ்யத்துக்கு வரும்வரை ஜெராக்ஸ் மெஷினைத் தொட மாட்டார். பெயர் வந்த கதை இதுதான்.

"அண்ணே, அனந்தபுரம் பஸ்ஸு கெளம்புது. ஆதாரு ஒரே ஒரு காப்பி!"

"இரு. இன்னும் ஏழு இருக்குது."

"இன்னா ஏழு?"

"படிக்காதது."

பஸ் போய்விடும். ஏழும் முடிந்த பிறகு ஒரு பக்கம் நகல் கிடைக்கும். அந்த ஏழில் ஒன்று ஏதோ பனிப் பிரதேசத்தில் தேனீ வளர்ப்பவரின் குறிப்பாக இருக்கும்.

வாட்சப் அவரிடம் கிடையாது. ஏன் என்று ஒரு முறை கேட்டுவிட்டேன். "அதுல பஸ் ஸ்டாண்டே சேர்ந்து உங்கிட்ட கத்துதுப்பா. இதுல நான் கேட்ட ஆளுங்க மட்டுந்தான் பேசுவாங்க. யாரு சொன்னது, எப்போ சொன்னதுன்னு தலையிலயே எழுதியிருக்கும். ஆறு மாசம் பேசாத ஆளு ஒரு நாளு ஒரு வரி பேசுனாலும் தவறாம எனக்கு வந்துடும்."

கோட்டை மலையில் சிறுத்தை என்று ஒரு படம் ஊரெல்லாம் சுற்றியபோது, எங்கள் தெருவே சாயங்காலம் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தியது. படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். "யாரு போட்டது? எப்போ போட்டது?" என்றார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "பின்னாடி பச்சப்பசேல்னு காடு நிக்குது. நம்ம மலையில பாறையத் தவிர இன்னாய்யா இருக்குது?" என்றார். தெருவில் யாருக்கும் அவர்மீது நன்றி ஏற்படவில்லை. சிறுத்தையைப் பறித்துக்கொண்ட கோபம்தான்.

நானும் அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தவன்தான், போன மாதம் வரை.

என் ஒரே மகள் கயல் கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். அன்று காலையிலிருந்து அவள் போன் அணைந்தே கிடந்தது. விடுதி எண்ணை யாரும் எடுக்கவில்லை. பதினொன்றரைக்குத் தெரு வாட்சப் குழுவில் ஒரு செய்தி: 'கோவை கல்லூரி விடுதியில் கெட்டுப்போன உணவு. மாணவிகள் கவலைக்கிடம்.' கல்லூரியின் பெயர் இல்லை. தேதி இல்லை. எனக்கு அதெல்லாம் கண்ணிலேயே படவில்லை. ஆபீசில் சொல்லிக்கொள்ளாமல் வீட்டுக்கு ஓடி, இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வந்தேன். விழுப்புரம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறப்போனவன், என்ன தோன்றியதோ, எதிரே கடைக்குள் நுழைந்து போனை நீட்டினேன்.

"யாரு போட்டது?" என்றார் வழக்கம்போல.

"யாரு போட்டா இன்னாண்ணே! எம் பொண்ணு அங்க இருக்குது!" என்று கத்திவிட்டேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தார். திரையில் படிக்காதவை பதின்மூன்று. அத்தனையையும் தாண்டி நேராக ஒரு வரியில் போய் நின்றார். நான் பார்த்து அவர் வரிசையை மீறியது அன்றுதான்.

"கயலு பத்தே முக்காலுக்கு எழுதியிருக்குதே. இன்னைக்குத்தான்."

"கயலா? எங்க எழுதியிருக்கா?"

திரையை என் பக்கம் திருப்பினார். அவளுக்கு ஒரு வலைப்பூ இருக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கல்லூரிக் கணினியில் உட்கார்ந்து எழுதியிருந்தாள்:

'நேற்றிரவு என் செல்பேசி வாளித் தண்ணீரில் விழுந்து உயிரைவிட்டது. நைனா ஒரு நாளைக்குப் பதினான்கு முறை கூப்பிடுவார். இன்று காது குளிர்ந்து கிடக்கிறது. சாயங்காலத்துக்குள் தோழியின் போனிலாவது பேசிவிட வேண்டும். விட்டால் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்.'

பை என் கையில்தான் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். பஸ் போய்விட்டது. சிரிப்பதற்காக வாயைத் திறந்தேன், அழுகை வந்தது.

"சாப்டியா?" என்றார். பதிலுக்குக் காத்திராமல் டீ சொன்னார்.

பள்ளியில் படிக்கும்போது பிரிண்ட் எடுக்க வந்தவள், அவர் கடையிலேயே அந்த வலைப்பூவைத் தொடங்கினாளாம். நைனாவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கினாளாம்.

"எத்தினி பேரு படிக்கிறாங்கண்ணே?"

"நான் ஒருத்தன்தான். மூணு வருஷமா."

"போர் அடிக்கலையா?"

"ஹாஸ்டல் சாம்பாரப் பத்தி மட்டும் ஒம்பது எழுதியிருக்குது. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்ல" என்றார். பிறகு என் போனை வாங்கி அந்த ஒரே ஒரு ஃபீடை மட்டும் போட்டுக் கொடுத்து, விரலை நீட்டி எச்சரித்தார். "படிச்சேன்னு மட்டும் சொல்லிடாத. எழுதுறத நிறுத்திடும்."

சாயங்காலம் தோழியின் போனிலிருந்து கூப்பிட்டாள். "நைனா, பயந்துட்டியா?"

"நானா? ஆபீஸுல வேலை. கவனிக்கவே இல்லையே."

அவள் வார இதழ்கள் படிப்பதில்லை என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

இப்போதெல்லாம் அவள் புதிதாக எதையாவது எழுதினால் எனக்கு வீட்டில் உட்கார்ந்து படிக்கத் தோன்றுவதில்லை. கடைக்குப் போய்விடுகிறேன். அவர் திரையில் அவர் படிக்கிறார், போனில் நான் படிக்கிறேன். அவர் வேகமாகப் படிப்பவர், எனக்கு முன்னால் சிரித்துவிடுவார். எந்த இடம் என்று சொல்ல மாட்டார். நானும் அங்கே வந்து சிரிக்கும்வரை, அடுத்த வரிக்குப் போகாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.