றப்பர் புழுப் பண்டிதர்

றப்பர் புழுப் பண்டிதரை நீங்கள் சந்தித்திருக்கிறீர்களா? சந்தித்திருந்தால் இதை வாசிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. இன்னும் அவர் முன்னால்தான் நின்றுகொண்டிருப்பீர்கள்.

இந்த இனத்தில் ஒருவர், நாங்கள் புலம்பெயர்ந்து வந்திருக்கிற நார்த்மீட்டில், எங்கள் பக்கத்து வீட்டில் வசிக்கிறார். பெயர் இந்திரகுமார். அவருடைய கராஜில் கார் நிற்காது. கார் வெளியே ஆலங்கட்டி மழையில் அடி வாங்க, உள்ளே தூண்டிலில் மாட்டுகிற றப்பர் புழுக்கள் பெட்டி பெட்டியாகப் பத்திரமாய் இருக்கும்: வத்தகப்பழப் பச்சை, பூசணிவிதை மண்ணிறம், எஞ்சின் ஒயில் கறுப்பு, அவருக்கே பெயர் தெரியாத ஓர் ஊதா. மீனை மயக்கவென்று பெருஞ்சீரக வாசம் வேறு. கராஜைத் திறந்தால் யாரோ கறித்தூள் வறுக்கிறார்கள் என்று தெருவே நினைக்கும். இவ்வளவும் எதற்கு? நெப்பியன் ஆற்றில் இருக்கிற பாஸ் என்ற மீனைப் பிடிக்க. எங்கள் ஆட்களுக்குப் பாஸ் என்றால் சண்டைக் காலத்தில் ஊரை விட்டு வெளியே போகத் தருகிற அனுமதித் துண்டு. இவருக்கு மீன். இலேசில் கிடைக்காத விஷயத்தில் இரண்டும் ஒன்றுதான்.

பண்டிதருக்கு ஆறு தேவையில்லை, ஆள்தான் தேவை. போன மாதம் எங்கள் தெருவில் இருக்கிற யோகா வீட்டுப் பிறந்தநாளில் நான் சும்மா, "என்ன அண்ணை, மீன்பாடு எப்பிடி?" என்று கேட்டுவிட்டேன். நாக்கில் சனி! உடனே தட்டில் இருந்த மட்டன் ரோல்ஸை எடுத்தார், பல்லுக்குச்சியை எடுத்தார். "இதுதான் ஐசே புழு, இது தூண்டில். தலையிலை குத்தவேணும், கால் அங்குலத்திலை பக்கத்தாலை எடுக்கவேணும், அரைச் சுத்துத் திருப்பி, நுனியைத் திரும்ப உடம்புக்குள்ளை ஒளிக்கவேணும். அப்பதான் தண்ணிக்குள்ளை கிடக்கிற கட்டையிலை மாட்டாது. விளங்குதோ?" எனக்கு விளங்கியது என் பசி மட்டும். உருளைக்கிழங்கும் ஆட்டிறைச்சியும் அவர் சேட்டில் கொட்ட, அடுத்த ரோல்ஸை எடுத்தார். அப்படி ஐந்து ரோல்ஸ் நாசம். கேக் வெட்டியதை நான் காணவேயில்லை.

சரி, இத்தனை வித்தை தெரிந்தவர் எத்தனை மீன் பிடித்தார்? அங்கேதான் பண்டிதரின் கெட்டித்தனம். அவருக்கு வேலையில் வெள்ளிக்கிழமை லீவு, ஆற்றுக்குப் போவதும் அன்றுதான். வெள்ளி என்றால் வீட்டில் சைவம். "பிடிச்சனான், இவ்வளவு பெரிசு. வெள்ளிக்கிழமையிலை மச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போகலாமே? விட்டிட்டன்." ஆறு வருடமாக முருகன் பெயரில் தப்பிய மீன்களின் கணக்கு அவருக்கும் முருகனுக்கும்தான் தெரியும்.

அவர் மனைவி விமலா அக்கா சேலை பிளவுஸ் தைப்பவர். கராஜில் இடமில்லாததால் சாப்பாட்டு மேசையில் ஒரு பக்கம் தையல் மெசின், மறுபக்கம் சோற்றுக் கோப்பை. சொதியில் ஊசி கிடந்த அன்று அவருடைய பொறுமை முடிந்தது. "இஞ்சாருங்கோ, வெள்ளிக்கிழமைக் கதை இனி வேண்டாம். வாற ஞாயிற்றுக்கிழமை ஒரு மீன், ஒரேயொரு மீன் குசினிக்கு வரவேணும். வராட்டி செவ்வாய்க்கிழமை கவுன்சில்காரர் பழஞ்சாமான் எடுக்க வருகினம். உங்கடை பெட்டியளெல்லாம் றோட்டிலை."

மனிதர் ஆடிப்போனார். சாட்சிக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். ஞாயிறு விடிய ஆற்றங்கரையில் அவர் வீசிய வீச்சு, உள்ளதைச் சொல்லவேணும், அழகு. புழு சத்தமில்லாமல் மரக்கட்டைக்குப் பக்கத்தில் விழுந்து தாழ்ந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். அங்கே பிடித்தது சனி.

"கவனியும் ஐசே. பாஸ் வந்து வெடுக்கெண்டு இழுக்காது. நூலைத்தான் பாக்கவேணும். நூல் சும்மா பக்கத்தாலை நடக்கும்."

"அண்ணை, நூல் நடக்குது."

"ஓம், அப்பிடித்தான் நடக்கும்."

"இல்லை அண்ணை, இப்ப நடக்குது!"

"அவசரப்படாதையும். இது ரெண்டாவது விஷயம்தான். மூண்டாவது என்னெண்டால்..."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவர் தோளைப் பிடித்து ஆற்றுப் பக்கம் திருப்பினேன். அந்த நேரம் பார்த்து ஒரு முழ மீன் தண்ணீருக்கு மேலே துள்ளி, தலையை ஒரு உதறு உதறி, புழுவைத் துப்பிவிட்டுப் போனது. அதன் பிறகு மத்தியானம் வரை ஒரு தவளைகூடக் கடிக்கவில்லை.

வீட்டில் வால் அறுந்த புழுவை நீட்டினார். "பாருமப்பா, அடையாளம்!"

"மீன் எங்கை?" என்றார் விமலா அக்கா.

செவ்வாய் காலை பெட்டிகள் எல்லாம் றோட்டோரப் புல்லில் இருந்தன. கவுன்சில் லொறிக்கு முன்னமே ஒரு வெள்ளைக்காரர் தன் வாகனத்தை நிறுத்தி, பெட்டிகளைத் திறந்து பார்த்து வாயைப் பிளந்தார். இந்திரகுமார் அண்ணை படியிறங்கிப் போனார். எனக்குப் பாவமாக இருந்தது. மனிதர் அழப்போகிறார், அல்லது பிடுங்கப்போகிறார் என்று நினைத்து வேலியால் எட்டிப் பார்த்தேன்.

அவர் ஒரு ஊதாப் புழுவைக் கையில் எடுத்து, அரைச் சுற்றுத் திருப்பி, நுனியை எப்படி ஒளிப்பது என்று ஆங்கிலத்தில் காட்டிக்கொண்டிருந்தார். அந்தாள் பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றினார், இவர் பின்னாலேயே நடந்து விளக்கினார். கடைசிப் பெட்டியைத் தூக்கி ஏற்றிக் கொடுத்ததும் இவர்தான். வாகனம் வெளிக்கிட்ட பிறகும் கையைக் காட்டி எதையோ சொன்னார். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை ஆற்றங்கரையில் நான் ஒருநாளும் கண்டதில்லை. பின்னால் விமலா அக்கா தையல் மெசினை இழுத்துக்கொண்டு கராஜுக்குள் போனது அவருக்குத் தெரியாது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கோ. ஆனால் இதை வாசிக்கத் தொடங்கியதிலிருந்து உங்கள் அறை வாசலில் வந்து யாரோ ஒருவர் உங்களை இரண்டு தரம் கூப்பிட்டார். "பொறும், இதை முடிச்சிட்டு வாறன்" என்றீர்கள். அவர் என்ன சொல்ல வந்தவர்?